மூன்று மாதம் நிற்கப்போகும் மைவிக்கு

ஓடாத கார் கெடாது என்று நம்பியிருந்தவர்களுக்கு 2020 மார்ச் 18இல் மலேசியாவில் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நல்ல பாடம் நடத்தியது. ஆணை தளர்ந்ததும் அம்பாங் பெச்சாவில் தெருவுக்குத் தெரு போனட்டைத் திறந்துவைத்து ஜம்பர் கேபிள் தேடினார்கள். அந்தத் தொல்லை இன்றும் தீரவில்லை. பலருடைய பிள்ளைகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கவோ தமிழ்நாட்டுக் கோயில்களுக்கோ போகும் பெரியவர்கள் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகிறது. அதுவரை கார் போர்ச்சில்தான் நிற்கிறது.

அப்படி நின்ற ஒரு பழைய மைவி காரில் சிடெக் எம்எக்ஸ்எஸ் 5.0 என்ற பேட்டரி சார்ஜரைப் பொருத்திப் பார்த்தேன். சுவீடன் நிறுவனத்தின் கருவி. கடுங்குளிர் நாட்டில் பிறந்தது, நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு தாங்கும் என்பதுதான் என் கேள்வி.

சாவியை எடுத்த பிறகும் அலாரமும் கணினியும் கொஞ்சம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் நாளுக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் மணி போகும். சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணிதான். மூன்று வாரம் முடிவதற்குள் பாதி காலி. வெயில் ஏற ஏற பேட்டரி தானாக இறங்கும் வேகமும் கூடுகிறது. 12.4 வோல்ட்டுக்குக் கீழே கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

சிடெக் அதிகபட்சம் 5 ஆம்பியர் கொடுக்கிறது. முகப்பில் 1 முதல் 8 வரை விளக்குகள். முதல் நான்கும் சார்ஜ் ஏற்றும் கட்டங்கள். ஐந்தில் சற்று நிறுத்தி, ஏற்றியது நிற்கிறதா என்று சோதிக்கிறது. ஏழில் 13.6 வோல்ட்டில் பிடித்துவைக்கிறது. எட்டில் வோல்ட் இறங்கும்போது மட்டும் ஒரு தள்ளு தள்ளுகிறது. ஆறாவது, நாமாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் வரும் பழுது நீக்கும் கட்டம். எனக்கு மிகவும் பிடித்தது பேட்டரி முனைகளில் நிரந்தரமாக முடுக்கிவிடும் வளையக் கம்பி. அதன் மறுமுனையைப் போனட் இடுக்கில் விட்டால் போதும். கிளிப் மாட்டும்போது பொறி பறக்கும் பயமே இல்லை. சாரல் அடிக்கும் போர்ச்சுக்கும் ஏற்றது, ஐபி65 தரம். பனித்துளிப் படம் போட்ட நிலையை மட்டும் தொடாதீர்கள். அது 14.7 வோல்ட் வரை ஏற்றும். ஏஜிஎம் பேட்டரிக்கும் குளிருக்கும் உரியது. கார் படம் போட்ட நிலையே நமக்குச் சரி.

இங்கே உண்மையான சோதனை வைப்பது இடி. மலையடிவாரத்தில் மாலை மழையோடு இடி விழுந்தால் வீட்டு மெயின் சுவிட்ச் ட்ரிப் ஆகிவிடுகிறது. மின்சாரம் திரும்பினால் சார்ஜர் விட்ட வேலையைத் தொடரும். ஆனால் விழுந்த சுவிட்சை யாராவது தூக்கிவிட வேண்டுமே! பூட்டிய வீட்டில் அது அப்படியே கிடந்தால் சார்ஜர் இருந்தும் பயனில்லை. அதனால் சார்ஜர் வாங்குவதற்கு முன் வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ள ஓர் ஆளைப் பிடியுங்கள். இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

அந்த ஆளிடம் "வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போவது நம்மிடையே உள்ள பழக்கம். அதை விட்டுவிடலாம். ஸ்டார்ட் செய்ய இழுத்த மின்சாரம் ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பாது. சூடேறாத புகைக்குழாயில் தண்ணீர் தேங்கித் துரு பிடிக்கும். ஓட்டத் தெரிந்தவராக இருந்து, ரோடு டாக்ஸும் உயிரோடிருந்தால், ராசா ஊர் வழியே பத்தாங்காலி வரை ஓட்டிவிட்டு வரட்டும். பிரேக்கும் டயரும் சேர்ந்து பிழைக்கும்.

பேட்டரியைவிட எனக்குக் கவலை எலிதான். செம்பனைத் தோட்டங்களில் எலிக்காகவே கூடு வைத்துக் கூகை வளர்க்கிறார்கள்; தோட்டத்தை ஒட்டிய வீட்டில் நிற்கும் கார் எலிக்கு நல்ல வீடு. நான் பார்த்த ஒரு காரில் போனட்டின் உள்பஞ்சைப் பிய்த்து, செம்பனை நாரோடு சேர்த்து, என்ஜின் மேலேயே கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு வயர்கள் செம்பு தெரியும்வரை கடிபட்டிருந்தன. ஒலி எழுப்பும் எலி விரட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். வைத்துப் பார்த்ததில் பலன் தெரியவில்லை. போனட்டைத் திறந்தே வைத்து இருட்டைப் போக்குவதும், போர்ச்சில் பூனைச் சோறு சிந்தாமல் பார்ப்பதும், இரண்டு எலிப்பொறியும்தான் பயன் தந்தன.

ஈரத்துக்கு தர்ஸ்டி ஹிப்போ டப்பா வேலை செய்கிறது. சீட் பெல்ட்டிலும் ஸ்டீயரிங்கிலும் பூசணம் வரவில்லை. ஆனால் அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. சேரும் நீர் கொட்டினால் இரும்பை அரிக்கும். தட்டில் வையுங்கள், காரை நகர்த்தும் முன் வெளியே எடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், காற்றுப் புகும் துணியே நல்லது. ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பின் பிரேக் ஒட்டிக்கொள்ளாது. ஹைலக்ஸ் போன்ற டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் டாங்கியை நிரப்பிவிட்டுப் போக வேண்டும்: நம் டீசலில் கலந்திருக்கும் செம்பனை பயோடீசல் ஈரத்தை எளிதில் வாங்கும்.

சிடெக்கின் விலை மைவிக்கு ஒரு புதுப் பேட்டரி வாங்குவதைவிட அதிகம். ஒரு மாதப் பயணத்துக்கு அது தேவையில்லை. 10 மில்லி ஸ்பானரால் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டால் போதும். ஆண்டுதோறும் இரண்டு மூன்று மாதம் காரை நிறுத்துகிறவர், அல்லது வீட்டில் இரண்டு கார் வைத்திருக்கிறவர் தாராளமாக வாங்கலாம். திரும்பி வந்த அன்று மட்டும் சாவியைத் திருகும் முன் என்ஜினைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள், டயரில் காற்றுப் பாருங்கள், முதல் சில பிரேக்கை வீட்டு வாசலிலேயே மெதுவாக மிதியுங்கள்.