சந்தும் ஒழுங்கையும்

மதுரையில் பத்துத்தூண் சந்தைப் பார்க்க வேண்டுமென்றால் கடை திறப்பதற்கு முன் போய்விட வேண்டும். காலை ஆறரைக்குத் தூண்கள் முழுசாகத் தெரியும். பத்தரைக்குள் நைட்டிகளும் துண்டுகளும் தொங்கி மறைத்துவிடும். விளக்குத்தூணுக்குப் பக்கத்தில், துணிக்கடைகளின் இடுக்கில், நாயக்கர் அரண்மனையின் மிச்சமாக நிற்கும் அந்தப் பெருந்தூண்களுக்கு இன்றைக்குத் தாங்க ஒரு கூரையும் இல்லை. ஒன்றைக் கட்டிப் பிடித்துப் பார்த்தேன். கைகள் சுற்றி வந்து சேரவில்லை. பக்கத்தில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவர், "பின்னாடி இன்னும் இருக்குண்ணே, போய்ப் பாருங்க" என்றார். நான் யார், எதற்கு வந்தேன் என்றெல்லாம் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் அப்படிக் கேட்காமல் விடமாட்டார்கள். ஒரு பின்நேரம், வண்ணார்பண்ணையில், கிளுவை வேலிக்கும் தகர வேலிக்கும் நடுவே போகும் குச்சொழுங்கை ஒன்றில் நடந்துகொண்டிருந்தேன். படலையைத் திறந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஆரைத் தேடுறியள், தம்பி?"

"யாரையும் இல்லைம்மா. சும்மா நடந்து பார்க்கிறேன்."

"இந்த வெயிலுக்கையோ? உள்ள வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

அன்றைக்கு நான் நடந்தது இருநூறு அடிகூட இருக்காது. ஆனால் அந்த அம்மாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஒழுங்கை முழுவதும் சுற்றி வந்துவிட்டேன். எந்த வளவின் சொந்தக்காரர் கனடாவில், யார் லண்டனில், எந்தக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், போரில் எந்த வீட்டில் ஷெல் விழுந்தது என்று அவர் விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். வேலிக்கு மேலே எனக்குத் தெரிந்தவை பனைகளும் ஒரு மாமரமும் மட்டும்தான்.

சந்து என்றாலும் ஒழுங்கை என்றாலும் குறுகலான பாதைதான். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. மதுரைச் சந்து கடைகளுக்கானது. ஒரு வீதியில் நுழைந்து இன்னொன்றில் வெளியேறலாம். நுழைகிறவன் யாராக இருந்தாலும் வாடிக்கையாளன். ஒழுங்கை வீடுகளுக்கானது. அதற்குள் கால் வைப்பவர் யார் வீட்டுக்கோ வந்தவர் என்றுதான் கணக்கு. வழிப்போக்கரையும் வீட்டுக்கு வந்தவராக நினைக்கும் பழக்கம் யாழ்ப்பாணத்தின் பழைய கட்டடங்களிலேயே இருக்கிறது. வாசலில் சிறு கூரை போட்டு, நடந்து களைத்தவர் உட்கார இருபுறமும் திண்ணை வைத்த படலைக்குச் சங்கடப்படலை என்று பெயர். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை போட்டுக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. பாதை அந்த மடத்துக்குள்ளேயே நுழைந்து போகிறது. நடப்பவர்மேல் இவ்வளவு கரிசனத்தோடு கட்டிய ஒன்றை நான் மதுரையில் பார்த்ததில்லை.

ஆனால் மதுரையில் நடக்க ஆள் துணை தேவைப்படுவதில்லை. வீதிகளே வழி சொல்லிவிடும். மீனாட்சி கோயிலுக்குள் ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. எந்த வளையத்தில் நிற்கிறோம், கோயிலுக்கு எந்தத் திசையில் நிற்கிறோம் என்பது பெயர்ப்பலகையிலேயே இருக்கும். சித்திரைத் தேர் மாசி வீதிகளில் ஓடுவதைக் கவனித்தவர்களுக்கு ஒரு பழைய கதை பிடிபடும்: மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், வீதியின் பெயர் மட்டும் மாறவில்லை. வெளி வீதிகள் பழைய கோட்டைச் சுவர் இருந்த இடம். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அதை இடித்தார்கள். இடித்து அகழியை மூடியவர்களுக்கு அங்கேயே நிலம் கிடைத்தது. அந்த வேலையில் இருந்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கோட்டைக் கொத்தளம் ஒன்று மிச்சமிருக்கிறது. தினமும் அதைக் கடந்து பஸ் ஏறுகிறவர்கள் ஒருநாள் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் பழைய தலைநகரான நல்லூரில் அப்படி வளையம் வளையமாக எதுவும் மிஞ்சவில்லை. போர்த்துக்கேயர் 1621-இல் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். பழைய கோயில் இருந்த முத்திரைச் சந்திப் பக்கத்தில் இன்று தேவாலயம் இருக்கிறது. இப்போதைய கோயில் பிற்பாடு வேறு இடத்தில் எழுந்தது. பருத்தித்துறை வீதியோரம் சங்கிலித்தோப்பு வளைவு தனியாக நிற்கிறது. உள்ளே தள்ளி, 'ப' வடிவத்தில் யமுனா ஏரி. ஒரு தலைநகரத்தின் மிச்சமாக நான் பார்த்தது இவ்வளவுதான். வளைவிலிருந்து ஏரிக்கு நடக்கும்போது இடையில் இருந்தவற்றை நாமேதான் மனதுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் சோனகத் தெருப் பக்கம் இன்னும் கனமானது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து அங்கிருந்த முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். பிறகு கொஞ்சம் பேர் திரும்பி வந்தார்கள். நான் போனபோது கூரையில்லாத ஒரு வீட்டின் நடு அறையில் வேம்பு வளர்ந்திருந்தது. அதன் கிளை சன்னல் வழியாகத் தெருவுக்கு நீண்டிருந்தது. எனக்குக் கேமராவை எடுக்க மனம் வரவில்லை. பத்துத்தூண் சந்தில் நாற்பது படம் எடுத்தவன் நான். நானூறு ஆண்டு பழசான இடிபாட்டைப் படம் பிடிக்கலாம். இது இன்னும் உயிரோடு இருப்பவர்களின் வீடு.

மதுரைக்குத் திரும்பியபின் எழுகடல் தெருவுக்குப் போனேன். புதுமண்டபத்துக்கு எதிரே, முடியாமல் நின்றுபோன ராயகோபுரத்தைத் தாண்டினால் அந்தத் தெரு. மீனாட்சியின் தாய் காஞ்சனமாலை நீராடுவதற்காகச் சொக்கநாதர் ஏழு கடலையும் வரவழைத்தார் என்று சொல்லப்படும் குளம் அங்கே இருந்தது. இப்போது கடைகள். எத்தனையோ தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன். பார்க்க ஒன்றுமில்லை என்று நிற்காமலே போய்விடுவேன். இந்தத் தடவை ஒரு வயதான தையல்காரரிடம், "ஐயா, குளம் எங்கே இருந்தது?" என்று கேட்டேன். அவர் மிஷினை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துணியில் துடைத்தார். பிறகு முக்காலியை என் பக்கம் தள்ளி, "உட்காருங்க, நின்னுக்கிட்டே சொல்ற கதையில்ல" என்றார்.