சதாசிவம் வழக்கு: சடப்பொருட் சான்றும் சாட்சியின் சொல்லும்

நமது நாட்டிலே கொலை வழக்குகளைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். ஒன்று, பிரேதத்தையும் பிறர் படுக்கையறையையும் ஒருசேர எட்டிப் பார்க்கும் பத்திரிகைப் பரபரப்பு. மற்றது, புகழ்பெற்ற சட்டத்தரணிகளின் குறுக்கு விசாரணைத் திறனை வியந்து பாடும் வெற்றிக் கதை. 1951ஆம் ஆண்டின் சதாசிவம் வழக்கு இவ்விரண்டு வகை எழுத்துக்கும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீனியாகி வந்துள்ளது. ஆயின், அவ்வழக்கை ஊன்றி நோக்குவோர்க்கு அதனுள் வேறொரு வினா புதைந்து கிடப்பது புலனாகும். ஒரு பொருள் சொல்வதும் ஒரு மனிதன் சொல்வதும் ஒன்றோடொன்று முரண்படும்போது, எதனை எவ்வளவிற்கு நம்புவது என்பதே அவ்வினா. இடதுசாரிச் சிந்தனையாளர் பலரும் இவ்வழக்கைக் குறித்துத் தவறான பக்கமிருந்து பேசி வருவதனால், இதனை இங்கு ஆராய்வது அவசியமெனக் கருதுகின்றோம்.

நடந்தது சுருக்கமாக இது. 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி, கொழும்பு பம்பலப்பிட்டியில் சென்ற் அல்பன்ஸ் பிளேஸ் என்னும் ஒழுங்கையிலுள்ள வீட்டில் திருமதி சதாசிவம் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்தார். அவருடைய உடல் வீட்டின் கராஜில் கிடந்தது. கழுத்தின்மீது மரவுரல் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கணவர் மகாதேவ சதாசிவம் அக்காலத்தில் இலங்கையின் தலைசிறந்த துடுப்பாட்ட வீரர்; 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது எதிரணிக்குத் தலைமை தாங்கியவர். தம்பதியரிடையே பிணக்கு முற்றி, மனைவி விவாகரத்து வழக்குத் தொடர்ந்திருந்தார். அன்று முற்பகல் ஏறத்தாழ 10.30 மணிக்குக் கணவர் டக்சி ஒன்றில் வீட்டை விட்டு வெளியேறினார். வீட்டு வேலையாள் வில்லியம், தென்மாகாணக் கிராமமொன்றிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமேனும் ஆகாத இளைஞன், தாலிக்கொடி உள்ளிட்ட நகைகளோடு தலைமறைவானான். சில நாட்களின் பின் பிடிபட்ட அவன், கொலை செய்தவர் எசமானரே என்றும், தான் அவருக்கு உதவியாக நின்றதாகவும் கூறினான். சட்டமா அதிபர் அவனுக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கி அவனை அரச தரப்புச் சாட்சியாக்கினார். நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் 57 நாட்கள் நடைபெற்ற விசாரணையின் முடிவில், 1953 ஜூன் 25ஆம் திகதி யூரிமார் சதாசிவத்தை ஒருமனதாக விடுதலை செய்தனர். எதிரிக்காக வாதாடியவர் லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா.

இந்தக் கடைசிச் செய்திதான் நம்மவர் பலருக்கு நெருடலாக இருந்து வந்துள்ளது. உழைக்கும் மக்களின் கட்சித் தலைவர், செல்வாக்குள்ள எசமானனுக்காக எழுந்து நின்று, வாயில்லாப் பூச்சியான வேலைக்காரப் பையனைச் சுட்டிக் காட்டலாமா என்று கேட்போர் உளர். (1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் சிற்பி என்ற வகையில் தமிழ் வாசகர்களுக்கு டி சில்வாவோடு வேறு கணக்குகளும் உண்டு. அவை இங்கு வேண்டியதில்லை.) இக்கேள்வி கேட்பவரின் இதயம் சரியான இடத்தில் இருக்கலாம்; ஆனால் முறை பிழையானது. பொருளே முதல் என்று வகுப்பிலே கற்பிக்கும் ஆசிரியர், நீதிமன்ற வாசலில் அதனை மறந்து, ஏழை சொன்னது ஆதலால் உண்மை என்று முடிவு கட்டுவாராயின், அது பொருள்முதல்வாதம் அன்று; இரக்கவாதம்.

ஆகவே பொருள்களிடம் செல்வோம். வில்லியத்தின் கூற்றுப்படி, கொலை நடந்த இடம் மேல்மாடிப் படுக்கையறை. பின்னர் உடல் கீழே கொண்டு வரப்பட்டதாம். ஆனால் இறந்தவரின் உள்ளங்கால்கள் அழுக்கேறியிருந்தன. படுக்கையறையில் உயிரிழந்து, இருவரால் தூக்கிக் கீழே கொண்டுவரப்பட்ட ஒருவரின் உள்ளங்காலில் நிலத்து அழுக்குப் படிவதற்கு வழியேது? உயிரோடு வெறுங்காலில் நின்ற, நடந்த, போராடிய கால்களிலேயே அவ்வாறு படியும். எதிரி தரப்பின் அழைப்பில் எடின்பரோவிலிருந்து வந்த சட்ட மருத்துவப் பேராசிரியர் ஸேர் சிட்னி ஸ்மித் இதனைக் கொண்டே கொலை நடந்த இடம் சமையலறை என்னும் முடிவுக்கு வந்தார். அத்துடன், வில்லியத்தின் முகத்திலும் கைகளிலும் காணப்பட்ட கீறல்களின் தழும்புகளையும் அவர் கவனத்திற் கொண்டார். முன்னின்று கழுத்தை நெரிப்பவனைத்தான் நெரிபடுபவரின் நகங்கள் எட்டும் என்பது அவர் வாதம்.

இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். ஏனெனில், இவ்வழக்கைப் பற்றி எழுதியோர் பலரும் வழுக்கி விழும் இடம் இதுவே. உள்ளங்கால் அழுக்கு எதனை நிரூபிக்கின்றது? கொலை மேல்மாடியில் நடைபெறவில்லை என்பதைப் பெரிதும் உணர்த்துகின்றது. அதாவது, வில்லியத்தின் கதையின் அச்சாணியை முறிக்கின்றது. ஆனால் கணவர் சமையலறைக்குள் வரவில்லை என்று அவ்வழுக்குச் சொல்லவில்லை. கீறல்களோ, வில்லியம் அப்பெண்ணின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான் என்பதைச் சொல்லும். உதவியாக நின்றதாக அவனே ஒப்புக்கொண்டபின் அது புதுச் செய்தியன்று. வில்லியம் மட்டுமே கொலையாளி என்னும் முடிவு, இவ்விரு பொருட்களால் மட்டும் எட்டப்படக்கூடியதன்று. அதற்குக் கடிகாரத்தின் சாட்சியமும் வேண்டும்; 10.30க்குப் பின்னரும் அப்பெண் உயிரோடிருந்தார் என்பது வேண்டும். 1959இல் வெளியான தமது நினைவுக் குறிப்பு நூலில் ஸ்மித் இவ்வழக்கைத் தீர்ந்துபோன கணக்கைப் போல எழுதிச் செல்கிறார். சாட்சிக் கூண்டில் ஒரு நிபுணனுக்கு இருக்கவேண்டிய எல்லை, நாற்காலியில் அமர்ந்து நினைவு எழுதும்போது தளர்ந்துவிடுகின்றது என்றே சொல்லத் தோன்றுகின்றது.

கடிகாரத்தின் பக்கம் வருவோம். மரண நேரத்தைக் கணிக்க உதவும் பிரதான அளவு உடலின் வெப்பம். உயிர் பிரிந்த உடல் தன்னைச் சூழ்ந்த காற்றின் வெப்பநிலையை நோக்கிக் குளிர்ந்து செல்கிறது; இரண்டுக்குமிடையே வேறுபாடு கூடுதலாயின் விரைவாகவும், குறைவாயின் மெதுவாகவும் குளிரும். ஐரோப்பியப் பாடநூல்களின் வாய்பாடுகள் குளிர்நாட்டு அறைகளில் உருவானவை. அங்கே உடலுக்கும் அறைக்கும் இடையில் 20 பாகைக்கு மேலும் வேறுபாடு இருக்கலாம். கொழும்பிலோ அறை 27, 28 பாகை, உடல் 37. வேறுபாடு பத்துப் பாகைக்குள் அடங்கிவிடும். எனவே நம் நாட்டில் பிரேதம் மிக மெதுவாகவே குளிர்கின்றது. உதாரணமாக, மணிக்கு அரைப்பாகை வீதம் குளிர்கின்றதென வைத்துக்கொண்டால், இறக்கும் வேளையில் உடல்வெப்பம் எவ்வளவு என்பதில் அரைப்பாகை பிழைத்தாலும் மரண நேரம் ஒரு மணித்தியாலம் பிழைக்கும். போராடி இறந்தவரின் உடல்வெப்பம் வழமையிலும் உயர்ந்திருத்தல் கூடும். இறந்தபின் முதற் சிறிது நேரம் உடலின் உள்வெப்பம் குறையாமலே இருப்பதும் உண்டு. ஒரு மனிதன் 10.30க்கு முன் கொன்றானா, அன்றேல் வேறொருவன் 10.30க்குப் பின் கொன்றானா என்பது வினாவாயிருக்கும் வழக்கில், இந்தக் கருவியைக் கொண்டு அரை மணி நேரத்தை வெட்டிப் பிரிக்க முயல்வது, விறகு தராசிலே பொன் நிறுப்பதை ஒக்கும்.

இக்குறைபாட்டை உணர்ந்த அறிஞரும் இங்கே இருந்தனர். வழக்கில் சாட்சியமளித்த சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம், வெப்பமண்டலத்தில் பிரேதம் குளிரும் விதத்தைத் தம் சகபாடிகளுடன் ஆராய்ந்து, அமெரிக்கக் குற்றவியல் சஞ்சிகையொன்றில் 1955ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். அவ்வாய்வுக்கு மரண நேரம் நிமிடக் கணக்கில் தெரிந்த உடல்கள் தேவைப்பட்டன. அத்தகைய உடல்கள் கிடைக்கும் இடம் வெலிக்கடைச் சிறைச்சாலை; அங்கே தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களிலேயே அவ்வளவுகள் எடுக்கப்பட்டன. எவர் எப்போது கொன்றார் என அறியும் விஞ்ஞானம், அரசு எப்போது கொன்றது என்ற துல்லியமான குறிப்பிலிருந்து வளர்ந்தது! இந்நாட்டின் மருத்துவ ஆய்வு வரலாற்றில் இதனிலும் கசப்பான பக்கம் இருக்குமோ என்பது ஐயமே.

இனி நகைகள். ஒரே பொருள் இரு கதைகளுக்கும் சேவகம் செய்வதை இங்கே காணலாம். களவுக்காகக் கொன்றவன் எடுத்துச் சென்ற பொருள் என்றது எதிரி தரப்பு. கொலைக்கு உதவியவன் பெற்றுக்கொண்ட கூலி என்று அரச தரப்பு சொல்லலாம். தாலிக்கொடி வில்லியத்தின் கையில் இருந்தது என்பதை இரு சாராரும் மறுக்கவில்லை. அப்படியாயின் அது எவருக்கெதிரான சான்று? வில்லியத்திற்கு எதிரான சான்று மட்டுமே. 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு குற்றப் பங்காளியும் சாட்சி சொல்லத் தகுதியுள்ளவனே என்கிறது. அதே சட்டத்தின் 114ஆம் பிரிவோ, அவனுடைய சொல் முக்கிய விபரங்களில் வேறு சான்றால் உறுதிப்படுத்தப்படாதவிடத்து நம்பத்தக்கதன்று என நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது. அவ்வுறுதிப்பாடு குற்றம் நடந்தது என்பதைக் காட்டினால் மட்டும் போதாது. எதிரியை அக்குற்றத்தோடு பிணைத்துக் காட்டவேண்டும். 1916இல் இங்கிலாந்தின் பஸ்கவில் வழக்கிலிருந்து நிலைபெற்ற கோட்பாடு இது. நகைகளும் உரலும் கராஜும் வில்லியம் அங்கிருந்தான் என்பதைத்தான் திரும்பத் திரும்ப உறுதிப்படுத்தின. எசமானரைத் தொட்டுச் சொல்லும் பொருள் தேவைப்பட்ட இடத்திலே, அரச தரப்பிடம் எஞ்சியிருந்தவை விவாகரத்துப் பத்திரமும் குடும்பப் பிணக்குமே. அவை கொலைக்குக் காரணமாகக்கூடும்; கொலைக்குச் சான்றாகா.

ஆகவே, விடுதலைத் தீர்ப்புச் சரியானதே என்பது நமது துணிபு. அது எசமானன் என்பதற்காகக் கிடைத்த சலுகையன்று. நியாயமான ஐயம் இருந்தது. அந்த ஐயத்தைப் பொருள்களே எழுப்பின.

அவ்வாறாயின் வர்க்கம் இவ்வழக்கில் எங்கே இருக்கின்றது? தீர்ப்பில் அன்று, அதற்கு முன்னரும் பின்னரும். முன்னர் என்பது பொலிசாரும் சட்டமா அதிபர் திணைக்களமும் எடுத்த முடிவு. பொருள்களை ஒழுங்காகப் படித்து அவற்றுக்கேற்ற கதையைத் தேடுவதற்குப் பதிலாக, ஒரு கதையை மன்னிப்புக் கொடுத்து வாங்கிவிட்டுப் பொருள்களை அதற்குள் திணிக்க முயன்றனர். தூக்குமேடையின் நிழலில் நிற்கும் கிராமத்து இளைஞனிடம் மன்னிப்பை நீட்டினால், அவன் என்ன சொல்லுவான் என்பதை அறிய உளநூற் பயிற்சி தேவையில்லை. மன்னிப்புக் கொடுத்தபின், அவன் குற்றவாளியாயினும் அல்லாதவனாயினும், அவன்மீது முறையான விசாரணை நடப்பதற்கான வழியும் அடைபட்டது.

பின்னர் என்பது வழக்கு முடிந்தபிறகு எழுத்திலே நடந்தது. ஆங்கிலத்தில் நடந்த அவ்விசாரணையில் வில்லியம் ஒரு சாட்சி மாத்திரமே. அவனுக்காக எழுந்து பேசச் சட்டத்தரணி இருக்கவில்லை. இருக்கவேண்டிய விதியும் இல்லை. எதிரியை ஐயத்தின் பயன் காப்பாற்றியது. அதே ஐயத்தின் பயன் வில்லியத்திற்கும் உரியதல்லவா? நினைவு நூல்களும் ஞாயிறுப் பத்திரிகைகளும் அதனை அவனுக்குக் கொடுக்கவில்லை. விசாரிக்கப்படாத ஒருவனைக் கொலைகாரன் என்று பெயர் குறித்து எழுதுவது அவர்களுக்கு எளிதாயிருந்தது. எடின்பரோவிலிருந்து நிபுணர் ஒருவரை விமானமேற்றி வரவழைக்கும் வசதி ஒரு வேலையாளின் விசாரணைக்கு வாய்த்திருக்குமா? உள்ளங்கால் அழுக்கு எவர் கால் என்று பார்த்துப் படிவதில்லை. அதனை வாசித்துச் சொல்பவரின் கட்டணமே ஆள் பார்க்கின்றது. சதாசிவத்திற்கு அவ்வசதி கிடைத்ததைக் குறை கூறுவதற்கில்லை. அதே ஆண்டுகளில் வெலிக்கடையில் தூக்கேறியோருள் எத்தனை பேருக்கு அது கிடைத்தது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ 2006இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இவ்வழக்கின் மருத்துவச் சாட்சியங்களைத் தொகுத்துத் தந்துள்ளது. மருத்துவ, சட்ட மாணவர் பயிலவேண்டிய நூல் அது. தமிழிலே இத்தகைய முயற்சி ஒன்றேனும் நடைபெற வேண்டும். அவ்வாறு எழுத முன்வருவோர், இறந்தவரை வெறும் சான்றுப் பொருளாக விட்டுவிடாதிருப்பாராக. வழக்கேடுகளில் அவருடைய கழுத்து இருக்கின்றது, உள்ளங்கால் இருக்கின்றது, தாலிக்கொடி இருக்கின்றது. நான்கு பெண் பிள்ளைகளின் தாய், 1951ஆம் ஆண்டுக் கொழும்பின் தமிழ்ச் சமூகத்தில் எத்துணைத் துணிவோடு விவாகரத்துக் கோரி நீதிமன்றம் சென்றிருப்பார் என்பதைப் பற்றி, அந்த ஐம்பத்தேழு நாட்களிலும் அது கணவருக்கு ஒரு காரணமாயிற்று என்பதற்கு அப்பால் பேச இடமிருக்கவில்லை.