சங்கரநாராயணனின் ஆய்வுகள்: பயனும் பழியும்

ஒரு விஞ்ஞானி எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் பார்த்து அவருக்கு மதிப்பெண் போடுவது இன்று வழக்கமாகிவிட்டது. புற்றுநோய் ஆய்வாளர் ரெங்கசாமி சங்கரநாராயணன் அந்தக் கணக்கிலும் முன்வரிசையில் நிற்பவர். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் தொடங்கி, பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையில் நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். ஆனால் அவருடைய வலிமையும் குறையும் தெரிய மூன்று ஆய்வுகளைப் பார்த்தால் போதும்.

முதலாவது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவமனையோடு சேர்ந்து 2000-இல் தொடங்கினார்கள். 114 ஊர்த்தொகுப்புகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் பார்ப்பதுதான் சோதனை. ஆய்வகம் வேண்டாம், முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். 2007-இல் லான்செட் இதழில் வந்த முடிவு: கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. ஏழை நாட்டுச் செவிலியர் கையால் உயிரைக் காக்க முடியும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று அன்று இல்லை.

இரண்டாவது, மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்தது. 2009-இல் வெளியான அதன் முடிவு அவருடைய சொந்தக் கருவிக்கே பாதகமாக இருந்தது. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸுக்கான சோதனையை ஒரே ஒரு முறை செய்த குழுவில் மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அசிட்டிக் அமிலச் சோதனைக் குழுவில் சொல்லத்தக்க குறைவு தெரியவில்லை. அதை மறைக்காமல் எழுதினார். நான் அவரை மதிப்பதற்கு முதல் காரணம் இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைரஸ் சோதனையையே முதன்மையாகப் பரிந்துரைத்தது.

மூன்றாவது, ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு. இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க 2009-இல் தொடங்கியது, 2010-இல் அரசு உத்தரவால் பாதியில் நின்றது. ஒரே டோஸ் போட்டுக்கொண்ட நிலையில் விடுபட்ட சிறுமிகள் ஏறத்தாழ ஐந்தாயிரம் பேர். ஆய்வு கெட்டுவிட்டது என்று கைகழுவாமல் அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். ஒரு டோஸே நீண்ட காலம் காக்கிறது என்று தெரிந்தது. ஒரு டோஸ் அட்டவணையை 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றதற்கு இந்தத் தரவும் ஓர் அடிப்படை.

இனி பழி. திண்டுக்கல்லில் 30,958 பெண்களும் உஸ்மானாபாத்தில் 31,488 பெண்களும் ஒப்பீட்டுக்காகச் சோதனையே இல்லாமல் விடப்பட்டார்கள். பிறர் நடத்திய மும்பை ஆய்வையும் சேர்த்தால் 1,38,624 பேர். அவர்களில் 254 பேர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள். அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா இதைக் கடுமையாகச் சாடினார். இந்தியாவில் அப்போது பொதுச் சோதனைத் திட்டமே கிடையாது, ஆகவே அந்தப் பெண்கள் எதையும் இழக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் பதில். நடைமுறை அளவில் அது உண்மை. ஆயினும் கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை பலன் தருவது பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பெயர் எழுதி, இறப்பையும் பதிவு செய்ய முடிந்தவர்களுக்குச் சோதனை தரவும் முடிந்திருக்கும். எந்தச் சோதனை மேல் என்று ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்கலாம். மரணக் கணக்கு இல்லாமல் அரசுகள் அசைந்திருக்காது என்ற வாதம் வலுவானது. ஆனால் அது அரசுகளின் குற்றம். அதற்கான விலையை அந்தப் பெண்கள் கொடுத்திருக்கக் கூடாது.

எங்கள் ஓசூரிலிருந்து பார்த்தால் இன்னொரு குறையும் தெரிகிறது. அந்த ஆய்வுகள் நிலையாக ஓர் ஊரில் குடியிருக்கும் பெண்களை நம்பியவை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு முறையில் வேலை செய்து விடுதியில் தங்கும் வெளியூர்ப் பெண்ணும், ராயக்கோட்டைச் சாலையில் வாடகை வீடு மாற்றிக்கொண்டே இருக்கும் குடும்பமும் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். நோய் முற்றினால் பக்கத்திலேயே பெங்களூரு கித்வாய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே போகிறவர்களைத் தமிழ்நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடு தேடிப் பிடிக்க வேண்டும். வீட்டுக்கே சிகிச்சை கொண்டுபோகும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போக முடிந்தது. அதுபோல இந்தப் பெண்களையும் தேடிப் போகலாம்: தொழிற்சாலைகளின் வருடாந்தர உடல் பரிசோதனையில் முப்பது கடந்த பெண்களுக்கு ஹெச்.பி.வி. சோதனையையும் சேர்க்கச் சுகாதாரத்துறையும் நிர்வாகங்களும் முன்வர வேண்டும். அதுவரை, முப்பது வயது கடந்த சகோதரிகளே, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாய்ச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.