ஆறு சிறகில் நான்கு மூடிக்கொள்ள

எசேக்கியேல் கடவுளின் மகிமையைக் கண்டது எருசலேம் ஆலயத்தில் அல்ல. பாபிலோன் நாட்டில், கேபார் கால்வாய்க் கரையில், சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களைக் குடிவைத்த இடத்தில் கண்டார். கி.மு. 593ஐ ஒட்டிய காலம். ஆலயம் எங்கோ இருக்க, சிங்காசனம் சக்கரங்களோடு அந்தச் சனங்களைத் தேடி வந்தது. கேப்டன் காட்டன் கால்வாயின் தண்ணீர் மழைக்காலத்தில் வீட்டுக்குள் வந்து போனதைப் பார்த்த வியாசர்பாடிக்காரருக்கும், பர்மாவிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இங்கே குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த அதிகாரத்துக்கு உரை தேவைப்படாது. ஆனாலும் நம் பிரசங்கங்களில் எசேக்கியேல் என்றால் உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்குதான். முதல் அதிகாரத்தைத் தொடுகிறவர்கள் குறைவு.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. சக்கரத்துக்குள் சக்கரம், அதன் வட்டமெங்கும் கண்கள், ஒவ்வொரு ஜீவனுக்கும் நான்கு முகம் என்றால் மேடையில் நின்று என்ன சொல்வது? கண்டவரே திணறுகிறார். சாயல் என்கிறார், அதைப் போன்ற தோற்றம் என்கிறார், கடைசியில் முகங்குப்புற விழுந்துவிடுகிறார். உசியா அரசன் இறந்த ஆண்டில் ஏசாயா கண்டதும் அப்படித்தான். நிலைக்கால்கள் அசைகின்றன, ஆலயம் புகையால் நிறைகிறது. சேராபீன்களுக்கு ஆறு சிறகு: இரண்டு முகத்தை மூட, இரண்டு காலை மூட, மீதி இரண்டுதான் பறக்க. பரிசுத்தர் என்று மும்முறை பாடுகிறவர்கள் அவர்கள். ஏசாயாவுக்கு வருவது பாட்டு அல்ல, ஐயோ என்கிற அலறல். பத்மு தீவில் யோவான் செத்தவனைப் போல விழுந்து கிடந்தார். பாட்டு பிறகுதான் வருகிறது. நம்மூர் ஆராதனை மரபுகளை நிறுத்துப் பார்க்க என்னிடம் இருக்கிற எடைக்கல் இது ஒன்றே: பாட்டுக்கு முன்னால் அந்த நடுக்கத்துக்கு இடம் இருக்கிறதா?

பழைய மரபிலிருந்து தொடங்கினால், தெற்கே பக்கத்திலேயே இருக்கும் வேப்பேரிக்குப் போக வேண்டும். 1742 முதல் சென்னை மிஷனை நடத்திய ஜெர்மானியர் ஃபாப்ரிசியஸ், 1746இல் பிரெஞ்சுக்காரர் நகரத்தைப் பிடித்தபோது பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்து, பின்பு திரும்பிவந்து வேப்பேரியில் வேலையைத் தொடர்ந்தார். வேதாகமத்தோடு ஜெர்மன் ஞானப்பாட்டுகளையும் தமிழாக்கினார். மெட்டும் அங்கிருந்தே வந்தது. நின்று நிதானமாக, ஆர்கன் இழுக்க இழுக்கப் பாடும் அந்த நடையில் பயபக்தி உண்டு. உடம்புக்கு மட்டும் அதில் வேலை இல்லை.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வேறு வழியில் போனார். அவருடைய ‘பெத்லகேம் குறவஞ்சி’யில் தலைவன் இயேசு. குறவஞ்சி இலக்கணப்படி அவர் வீதியில் உலா வருகிறார். சீயோன் குமாரி தேவமோகினி கண்டு மயங்குகிறாள். கோவில் தேரையும் அரசன் பவனியையும் பார்த்துப் பழகிய ஊருக்கு, கடவுளைக் காண்பதென்றால் வாசலுக்கு ஓடிவந்து நிற்பதுதான். அந்த ஓட்டத்தைச் சாஸ்திரியார் அப்படியே எடுத்துக்கொண்டார். அதே நூலில் பூகோளமும் கிரகங்களின் கணக்கும் வருகின்றன. படைப்பின் விரிவைச் சொல்லிவிட்டு, அதைப் படைத்தவரை வீதியில் நடக்க வைக்கிற துணிச்சல் வேறு எவருக்கு வந்தது? நடுக்கம் இங்கே மோகமாகிறது, குறைந்துபோகவில்லை. பிற்பாடு மிஷனரிகள் தமிழ் இசையை ஒதுக்கியபோது 1829இல் அவர் எதிர்த்து எழுதினார். ஆராதனையில் சாதி வேறுபாடு இருக்கட்டும் என்று வாதாடியவரும் அவரே. வியாசர்பாடியில் வாழ்ந்துகொண்டு இதை விழுங்கிவிட்டு அவர் கீர்த்தனையை மட்டும் புகழ எனக்கு மனம் வராது.

1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்தவர், கம்பனில் ஊறியவர். ‘இரட்சணிய மனோகரம்’ அந்த ஊற்றிலிருந்து வந்ததுதான். இன்று அதைச் சபையில் பாடுவோர் அபூர்வம்.

கத்தோலிக்க மரபில் உலா பாட்டோடு நிற்கவில்லை. படகோட்டிச் சமூகம் எழுப்பிய ராயபுரம் புனித பேதுரு ஆலயப் பக்கம் திருவிழாக் காலத்தில் போனவர்களுக்குத் தேர்பவனியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969இல் இந்தியத் திருச்சபைக்கு ரோம் அனுமதித்த பன்னிரண்டு மாற்றங்களில் ஆரத்தியும், கைகூப்பித் தாழ வணங்குவதும், தரையில் உட்கார்ந்து வழிபடுவதும் அடக்கம். பல பங்குகளில் ஆரத்தி விழா நாள் அலங்காரமாகச் சுருங்கிவிட்டது, அது தனிக்கதை.

1947 செப்டம்பர் 27 அன்று நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் தனக்கென நற்கருணை முறைமை எழுதிக்கொண்டது. ஐயர் பலிபீடத்துக்குப் பின்னால் சனங்களைப் பார்த்து நின்றார். சேராபீன்களின் பாட்டு அதில் உண்டு. சிரியன் மரபிலிருந்து வந்த மும்முறைத் துதியும் உண்டு. எல்லாம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஞாயிறுக்கு ஞாயிறு மனப்பாடமாக ஒப்பிக்கும்போது, கூரை அசைகிற பாட்டு இது என்பது நமக்கு மறந்துபோகிறது. குறை முறைமையில் இல்லை, வாயில் இருக்கிறது. ஏசாயாவும் உதட்டைப் பற்றித்தான் புலம்பினார்.

அப்புறம், நம் சந்துகளில் ஷீட் கூரையின் கீழ் நடக்கும் பெந்தெகொஸ்தே சபைகள். வாசலில் செருப்புக் குவியல், உள்ளே வெள்ளைச் சேலைகள், மூலையில் ரிதம் பேட். மற்ற மரபுக்காரர்கள் சத்தத்தைக் குறைசொல்வார்கள். அவர்கள் சீக்கிரமே வந்து பார்க்க வேண்டும். கீபோர்டு தொடங்குவதற்கு முன், ஒவ்வொருவராக வந்து முழங்கால் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி இருக்கையில் முகம் புதைத்து முணுமுணுக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போய் வெடித்த குதிகால்கள் மட்டும் வரிசையாகத் தெரியும். யோவான் விழுந்ததற்கு மிக நெருக்கமாக இந்த ஊரில் நான் பார்த்தது அதைத்தான். என் வருத்தமெல்லாம் அடுத்த கட்டத்தைப் பற்றி: விழுந்தவர்களைச் சற்று நேரம் விழுந்தே கிடக்க விடாமல், பாஸ்டர் மைக்கை எடுத்து ஆசீர்வாத வாக்குத்தத்தங்களுக்குத் தாவிவிடுகிறார். தரிசனம் அங்கே வீட்டுமனைக்கும் விசாவுக்கும் முன்பணமாகிவிடுகிறது.

இவை எதிலும் அடங்காதவர், மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த ஜே. தியோபிலஸ் அப்பாவு; பறட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும். தலித் மக்களின் கிராமிய இசையிலேயே முழு வழிபாட்டு முறைமை அமைத்தார். சாவு வீட்டுக்கு மட்டும் என்று தள்ளிவைத்த பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். வானத்தில் இருப்பவரைப் பெத்தவரே என்று கூப்பிட்டார். பயம் போய்விடாதா என்று கேட்கலாம். பறை அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தக் கேள்வி வராது; நெஞ்செலும்பு அதிரும்.

ஏசாயாவின் உதட்டைத் தணல் தொட்ட பிறகு, யாரை அனுப்புவேன் என்ற குரல் கேட்கிறது. மரபுகளை ஒப்பிட உட்கார்ந்தால் இந்த வசனத்துக்கு வருவதற்குள் பக்கம் தீர்ந்துவிடுகிறது. 1960களில் சலேசிய குரு ஓர்ஃபெயோ மாந்தோவானி வியாசர்பாடியில் ஏழைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார். அதற்கு பீட்டிட்யூட்ஸ் என்று பெயர், மலைப்பொழிவின் பேறுகளிலிருந்து எடுத்தது. தூய உள்ளத்தோர் கடவுளைக் காண்பார்கள் என்பது அந்தப் பேறுகளில் ஒன்று. எந்த மெட்டில் பாடினார் என்று அவரைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.