தெரிந்து வினையாடலும் நுட்பத் தொழிற்றேர்வும்

திருக்குறளின் 51ஆம் அதிகாரமாகிய தெரிந்து தெளிதலைப் பயிற்றுவோர் பலர் அதன் முதற் குறளோடு நின்றுவிடுகின்றனர். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினாலும் ஒருவனை ஆராய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. பரிமேலழகர் இதற்கு வடநூலார் கூறும் உபதைகளைக் காட்டி உரை வகுத்தார். அவ்வுரையின் புலமை பெரிது. ஆயினும், அமைச்சனைச் சோதிக்கும் அரசனே படிப்போர் மனத்தில் நிலைக்க, வினைத்திறனை அளக்கும் பகுதி மறைந்துபோயிற்று.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தோடு ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். அறச்சோதனையில் தேறியவனை நீதிமன்றத்துக்கும், பொருட்சோதனையில் தேறியவனைக் கருவூலத்துக்கும் உரியனாக்கும் அந்நூல், நான்கிலும் தவறியவனைச் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்புகின்றது! நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாற் ஆற்றலுடைய இயந்திரங்கள் மூன்று உள. அவற்றுள் ஒன்றை அத்தகையோனிடம் ஒப்படைப்பார் உளரோ?

வள்ளுவர் அவ்வாறு செய்திலர். எவ்வகையால் ஆராய்ந்து தெளிந்தவிடத்தும், வினையில் அமர்ந்தபின் வேறுபடுவோர் பலர் என 514ஆம் குறளில் எச்சரிக்கின்றார். வேண்டியவன் என்பதற்காகவன்றி, வழியறிந்து இடையூறு பொறுத்துச் செய்யவல்லானையே ஏவுக என்பது அடுத்த குறள். 505ஆம் குறளோ ஒருவனது செயலையே அவனை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் ஆக்குகின்றது.

புத்தளத்து உப்பளங்களைக் கொண்டு இதனை நோக்கலாம். உவர்நீரின் செறிவு ஏறத்தாழ 25 போமே பாகையை எட்டியதும் உப்புப் படியத் தொடங்கும். 30ஐ அணுகின் மகனீசிய உப்புக்கள் கலந்து கைப்பேறும். பாத்திக்குள் நீரை எப்பொழுது விடுவது, எஞ்சிய நீரை எப்பொழுது வடிப்பது என்பவற்றை அறிந்தவனைத் தேர வேண்டின், மானியை அவன் கையிற் கொடுத்துப் பாத்தியோரத்தில் நிறுத்துதலே தேர்வு. சான்றிதழ் அவ்விடத்து ஓரளவு பேசும். பெரியோர் தரும் பரிந்துரைக் கடிதமோ வாய் திறவாது.

எனினும் 502ஆம் குறள் குடிப்பிறப்பை வேண்டுவதும், 506ஆம் குறள் சுற்றமற்றாரைத் தெளியற்க என்பதும் இக்கரையில் ஏற்றற்கரியன. 1990இல் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பெருந்தொகையினராய்ப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தங்கினர். புதிய ஊரில், தந்தையின் பெயர் கூறியவுடன் அறிந்துகொள்வார் இல்லாத இளைஞன் ஒருவன் மின்னிணைப்பாளன் வேலைக்கு விண்ணப்பித்தால், குடியும் சுற்றமும் வினவும் தேர்வாளர் அவனது கைத்திறனைக் காணுமுன்னரே அவனை நீக்கிவிடுவர். சுற்றமற்றவன் பழிக்கு அஞ்சான் என்பது அக்குறள் கூறும் காரணம். அஃது அரசவைச் சூழலுக்குப் பொருந்தினும் பொருந்துக. மின்கம்பியைச் செவ்வனே இணைத்தானா என்பதற்கு அது விடையாகாது. நுட்பத் தொழிலைப் பொறுத்தவரை 506ஐ விடுத்து, அதற்கு முன்நின்ற 505ஐயே அளவுகோலாகக் கொள்ளுதல் தகும்.