கரும்புத் தோட்டமும் காடு வெட்டிய கையும்

உப்பளத்தில் எங்க தெருவிலிருந்து துறைமுகம் நடக்கிற தூரம்தான். 1908 முதல் 1918 வரை பாரதி வாழ்ந்த ஊர் இது. அவருடைய ‘கரும்புத் தோட்டத்திலே’ பாட்டைக் கேட்டு அழாதவர் குறைவு. நானும் அழுதவன்தான். இப்போது ஒரு கேள்வி எழுகிறது: அந்தத் தோட்டத்தை உண்டாக்கியது யார்?

பாட்டு ஃபிஜித் தீவைப் பற்றியது. 1879 முதல் இந்தியக் கூலிகளை ஐந்து வருட ஒப்பந்தத்தில் அங்கே ஏற்றிப் போனார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போனது. நாணலும் மரமுமாகக் கிடந்த நிலம், ஆஸ்திரேலிய சர்க்கரைக் கம்பெனியின் ஆலைக்குத் தீனி போடும் வயலாயிற்று. சோர்ந்துபோன கையும் காலும் பாட்டில் உண்டு. காட்டை வயலாக்கிய கை இல்லை. துன்பப்படும் பெண்களைப் பாட்டு ஹிந்துக்கள் என்றே அழைக்கிறது. பல சாதியாரும் போனார்கள், சரி. ஆனால் ஊரில் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் கடல் தாண்டி அழுததும் ஹிந்துவாகிவிடுகிறாளே, எப்படி?

இதே புதுச்சேரியிலிருந்தும் கப்பல் போனது. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்ததும், ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்கு இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். ரீயூனியனில் நம்மவர் வாரிசுகளை இன்றும் ‘மலபார்’ என்கிறார்கள். பாரதி வந்தபோது அந்தக் கப்பல்கள் நின்றுபோயிருந்தன. ஆனாலும் எங்கோ இருந்த ஃபிஜி பாட்டில் ஏறியது. ஆளைக் கப்பலுக்குக் கொடுத்த பக்கத்துச் சேரி ஏறவில்லை.

1935இல் வந்த ‘துன்பக்கேணி’யில் புதுமைப்பித்தன் சேரியை மறைக்கவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதி யார் என்பது கதையில் தெளிவு. அது பெரிய காரியம். ஆனால் தலைப்பே சொல்வதுபோல, அங்கேயும் தோட்டம் துன்பம் ஊறுகிற இடம் மட்டும்தான்.

இரக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இலக்கியம் இரக்கத்தோடு நின்றுவிட்டால், தோட்டத்தை உண்டாக்கிய பெருமை துரைக்குப் போய்விடுகிறது. நமக்கு அழுகை மட்டும் மிஞ்சுகிறது. காட்டைத் திருத்தியது எங்க பாட்டன் பாட்டி கை என்று நாம் எழுத வேண்டும். கூடவே இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். ஃபிஜி யாருமில்லாத காடு அல்ல, அங்கே பூர்வகுடிகள் இருந்தார்கள். சொந்த ஊரில் ஒரு சாண் நிலம் இல்லாதவனைக் கொண்டே இன்னொருவர் மண்ணைத் தோட்டமாக்கினார்கள்.

கப்பலேறிய பாட்டன் கதை உங்க வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், கேட்டு எழுதி வையுங்கள். நம் விமர்சனம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.