கருத்தாவாகுபெயராகும் ஆடை: ஆஸ்கர் செங்கம்பள உடைகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

திரைப்பட விருது விழாக்களில் நடிகையர் அணியும் நீள் அங்கிகள் பெரும்பாலும் அழகு, நேர்த்தி, ஆடம்பரம் ஆகிய சொற்களாலேயே மதிப்பிடப்படுகின்றன. இம்மதிப்பீடுகள் துணியையும் தையலையும் நிறத்தையும் பேசுகின்றனவேயன்றி, அவ்வாடை யாருக்கு உரியது, அதன்வழிப் பேசுவோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்புவதில்லை. அமெரிக்காவின் ஆஸ்கர் விழாவில் அணியப்பெற்ற ஆடைகள் சிலவற்றைப் பனுவல்களாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், தலைவி தன் ஆடையைத் திருத்தி உடுத்தும் செயலை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அங்குப் பொருள் தருவது ஆடையன்று, உடுத்தும் செயல். உள்ளத்து நிகழ்வது அச்செயலின்வழிப் புறத்தே புலனாகிறது. ஆடை, உடுத்தல் என்னும் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு செங்கம்பள உடைகளை மதிப்பிடுவதற்குத் தக்க அளவுகோலாகும்.

இரவல் நடிகையும் இரவல் ஆடையும்

முதல் ஆஸ்கர் விழா 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் விடுதியில் ஒரு விருந்தாக நடைபெற்றது. 1953-இல் அது தொலைக்காட்சிக்கு வந்தது. 1961-இல் செங்கம்பளம் விரிக்கப்பட்டது. தொடக்கக் காலங்களில் நடிகையரின் விழா ஆடைகளைப் படநிறுவனங்களின் உடையலங்காரக் கலைஞர்களே பெரிதும் வடிவமைத்தனர். 1955-இல் ‘தி கன்ட்ரி கேர்ள்’ படத்திற்காகச் சிறந்த நடிகை விருது பெற்ற கிரேஸ் கெல்லி அணிந்திருந்த வெளிர்நீலச் சாட்டின் அங்கி, பாரமவுண்ட் நிறுவனத்தின் ஈடித் ஹெட் உருவாக்கியதாகும். அதே ஆடையை அவர் அப்படத்தின் முதற்காட்சியின்போதும் அணிந்திருந்தார்; அவ்வாண்டு ஏப்ரலில் ‘லைஃப்’ இதழின் அட்டையிலும் அவ்வாடையுடனேயே தோன்றினார். ஓர் ஆடையை மீண்டும் உடுத்துவது நட்சத்திரத்திற்கு இழுக்காக அன்று கருதப்படவில்லை என்பது இதனால் பெறப்படும்.

எனினும் அன்றைய நிலையை உரிமையின் காலமெனக் கொள்வதற்கில்லை. கெல்லி எம்ஜிஎம் நிறுவனத்தின் ஒப்பந்த நடிகை. ‘தி கன்ட்ரி கேர்ள்’ படத்தில் நடிப்பதற்காகப் பாரமவுண்ட் நிறுவனத்திற்கு இரவலாக அளிக்கப்பட்டவர். அன்று இரவலாகச் சென்றது நடிகை. ஒப்பந்த முறை தளர்ந்த பின்னர் இரவலாக வருவது ஆடை. 1980களின் இறுதி தொடங்கி ஜியோர்ஜியோ அர்மானி போன்ற ஆடை நிறுவனத்தார் நடிகையருக்கு விழா ஆடைகளை அளிக்கும் வழக்கம் வலுப்பெற்றது. அவ்வாடைகளுட் பல விழா முடிந்ததும் நிறுவனத்திற்கே திரும்பிவிடும். நடிகை விடுதலை பெற்றார். ஆனால் அவர் உடல் ஒரு விளம்பரப் பலகையின் பணியையும் ஏற்றது.

‘யார்’ என்னும் வினா

இம்மாற்றத்தைச் செங்கம்பளத்தில் நடிகையரிடம் கேட்கப்படும் ஒரு வினா தெளிவாகக் காட்டுகிறது. 1990களில் ஜோன் ரிவர்ஸின் தொலைக்காட்சி நேர்காணல்கள் வழியே பரவிய அவ்வினா, ‘எதை அணிந்திருக்கிறீர்கள்’ என்பதன்று. ‘யாரை அணிந்திருக்கிறீர்கள்’ என்பதாகும். தமிழிலக்கண நோக்கில் இது கருத்தாவாகுபெயர். திருவள்ளுவரைப் படித்தேன் என்னுமிடத்துச் செய்தவர் பெயர் நூலுக்கு ஆகிவருவதுபோல, இங்கு வடிவமைத்தவர் பெயர் ஆடைக்கு ஆகிவருகிறது.

இவ்வாகுபெயர் இரண்டு மறைப்புகளைச் செய்கிறது. வெட்டியும் தைத்தும் பூவேலை செய்தும் அவ்வாடையை உருவாக்கிய பலரின் உழைப்பு ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறது. மேலும், விருதுக்குரிய நடிப்பைத் தந்த பெண் அப்பெயரைச் சுமந்து நிற்பவராக ஆகிறார். ஆஸ்கர் விழா 1949 முதல் உடையலங்காரத்திற்கும் விருது வழங்குகிறது. ‘காந்தி’ படத்திற்காக 1983-இல் ஜான் மோலோவுடன் அவ்விருதைப் பெற்ற பானு அதையா, ஆஸ்கர் வென்ற முதல் இந்தியராவார். அங்குக் கலைஞரின் பெயர் போற்றப்படுவது, ஆடை பாத்திரத்திற்குத் துணைநின்றமையால். செங்கம்பளத்திலோ ஆடையின் பெயருக்கு நடிகை துணைநிற்கிறார். 2014-இல் தொடங்கிய ‘ஆஸ்க் ஹெர் மோர்’ இயக்கம், நடிகையரிடம் ஆடையைக் கடந்தும் வினவுக என வற்புறுத்தியது இதனாலேயே ஆகும். 2015 ஆஸ்கர் விழாவில் ரீஸ் விதர்ஸ்பூன் அதற்கு ஆதரவு தெரிவித்தார்.

மறுத்துரைக்கும் ஆடைகள்

ஆடையையே எதிர்ப்பின் மொழியாக்கிய நடிகையரும் உளர். ‘மாஸ்க்’ படத்திற்காக 1985-இல் கான் விழாவில் சிறந்த நடிகைக்கான விருதைப் பகிர்ந்துகொண்ட ஷெர், அதே படத்திற்காக ஆஸ்கர் பரிந்துரை பெறவில்லை. 1986 விழாவிற்கு விருது வழங்க வந்த அவர், பாப் மேக்கி வடிவமைத்த கரிய உடையும் உயர்ந்த இறகுத் தலையணியும் அணிந்திருந்தார். ‘நேர்த்தி’ என்னும் அளவுகோலுக்குள் அடங்க மறுத்ததே அவ்வுடையின் பொருள். உடை மேக்கியுடையது, கூற்று ஷெருடையது.

இதனோடு 2020-இல் நடாலி போர்ட்மன் அணிந்த மேலாடையை ஒப்பிடுதல் தகும். இயக்குநர் பிரிவில் பரிந்துரைக்கப்படாத பெண் இயக்குநர்களின் பெயர்கள் அதன் ஓரத்தில் பொன்னிழையால் பின்னப்பட்டிருந்தன. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் அம்மேலாடை டியோர் நிறுவனத்தினது. போர்ட்மன் அந்நிறுவனத்தின் நறுமணப் பொருள் விளம்பரங்களில் தோன்றிவந்தவர். ஆதலின் எதிர்ப்பும் விளம்பரமும் ஒரே துணியில் பின்னப்பட்டன எனலாம். இதனால் எதிர்ப்பு பொய்யாகிவிடவில்லை. எனினும் இரவல் ஆடையில் எழுதப்படும் எதிர்ப்பின் எல்லை எது என்பது புலனாகிறது.

மீள உடுத்தல்

1962-இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படத்திற்காகச் சிறந்த துணைநடிகை விருது பெற்ற ரீட்டா மொரேனோ, அன்று அணிந்த அதே அங்கியை 56 ஆண்டுகளுக்குப் பின்னர் 2018 ஆஸ்கர் விழாவில் கழுத்துப் பகுதியைச் சற்று மாற்றி அணிந்து வந்தார். விருது பெற்ற பின்னரும் ஒரே வார்ப்பான இலத்தீன் அமெரிக்கப் பாத்திரங்களே தமக்கு அளிக்கப்பட்டன என்பதை அவர் நேர்காணல்களில் எடுத்துரைத்துள்ளார். இப்பின்னணியில் அவ்வாடை வெறும் நினைவுப் பொருளன்று. இடைப்பட்ட காலத்தின் சான்று. அதன் பொருளை வடிவமைத்தவர் பெயர் தரவில்லை. உடுத்தியவர் வாழ்வே தந்தது.

ஜேன் ஃபாண்டா 2014 கான் விழாவில் அணிந்த எலி சாப் அங்கியை 2020 ஆஸ்கர் மேடையில் மீண்டும் அணிந்தார். 2019-இல் வாஷிங்டன் காலநிலைப் போராட்டங்களில் அணிந்த சிவப்பு மேலங்கியையும் உடன் எடுத்து வந்தார். புதிய ஆடைகளை இனி வாங்குவதில்லை என்னும் தம் அறிவிப்பை அச்செயலால் மெய்ப்பித்தார்.

பழைய ஆடையை அணிதலும் மீள உடுத்தலும் ஒன்றல்ல என்பதும் இங்குச் சுட்டத்தக்கது. 2001-இல் ஜூலியா ராபர்ட்ஸ் விருது பெற்றபோது அணிந்த கருப்பு வெள்ளை அங்கி, வாலண்டினோவின் பழைய தொகுப்பைச் சேர்ந்தது. அதன் பழமை நிறுவனத்தின் வரலாற்றைப் பேசுகிறது. மொரேனோ ஆடையின் பழமையோ அவர்தம் வரலாற்றைப் பேசுகிறது.

முடிவுரை

செங்கம்பள ஆடைகளின் திறனாய்வு, நேர்த்தியை அளவிடுவதோடு நின்றுவிடின் அது நிறுவனங்களின் விளம்பரத்திற்கு உரை எழுதுவதாகவே அமையும். ஆடையை விடுத்து உடுத்தும் செயலை நோக்கின், அதே கம்பளத்தில் பணிதலும் மறுத்தலும் நினைவுகூர்தலும் நிகழ்வதைக் காணலாம். தன் ஆடையைத் தானே வைத்துக்கொள்ளவும் மீண்டும் உடுத்தவும் இயலும்போதுதான் ‘யாரை அணிந்திருக்கிறீர்கள்’ என்னும் வினாவிற்கு ஒரு நடிகை தன் பெயரையே விடையாகத் தர இயலும்.